கடைசித் திருப்பம்

பாராசூட்டை மடித்து முடித்து, பையின் கடைசி மடலை மூடுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஜன்னலைப் பார்ப்பேன். விரல் நகம் அளவுதான் இருக்கும். பைலட் சூட் என்று சொல்கிற குட்டிக் குடையையும் பெரிய பாராசூட்டையும் இணைக்கிற நாடாவில் அதைத் தைத்திருப்பார்கள். உள்ளே ஓடுகிற கயிற்றில் ஓரிடத்தில் மட்டும் பச்சை நிறம் பூசியிருக்கும். ஜன்னலில் பச்சை தெரிந்தால் குட்டிக் குடை காற்றைப் பிடிக்கத் தயார். தெரியாவிட்டால், அதை இழுத்துத் தயார் செய்ய மறந்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படியே மேலே போய் எறிந்தால், அது வெறும் துணியாக என் பின்னால் படபடத்துக்கொண்டு வரும். பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கிற பலம் அதற்கு இருக்காது. மடிப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிறது. ஜன்னலைப் பார்க்க ஒரு நொடி போதும்.

சிறிய விமானத்திலும் இதே மாதிரி ஒரு பார்வை உண்டு. இறக்கையின் அடியில், எரிபொருள் டாங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் இருக்கும். ஒரு கண்ணாடிக் கோப்பையை அதில் அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். 100 எல்எல் என்கிற விமான பெட்ரோலுக்கு இளநீல நிறம் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது கனத்தால் அடியில் போய்த் தனியாக நிற்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை மட்டும் தேடுவார்கள். கோடு இல்லை, அதனால் தண்ணீர் இல்லை என்று நினைப்பார்கள். கோப்பை முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாதே! அதனால்தான் நிறத்தையும் பார், முகர்ந்தும் பார் என்று என் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

பதினொரு வருடமாக இந்த இரண்டும் என் வார இறுதிகளை எடுத்துக்கொண்டிருக்கின்றன. முதலில் வந்தது விமானம். சர்வதேச விதிப்படி தனிநபர் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எனக்கு அறுபதுக்கும் மேல் ஆனது. அப்புறம் ஒருநாள் பயிற்றுநரின் உடம்போடு சேர்த்துக் கட்டப்பட்டு ஒரு டேண்டம் குதிப்பு. கீழே வந்து ஹார்னஸைக் கழற்றியபோதே தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். இறக்கைக்கு உள்ளே உட்கார்ந்து பறக்கத் தெரிந்த எனக்கு, இறக்கையை முதுகில் கட்டிக்கொண்டு பறப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பயமாக இல்லையா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. கதவு திறக்கும்போது இன்றும் வாய் உலர்கிறது. ஆனால் அந்த நேரத்தில் மனதை நிறைத்திருப்பது பயம் இல்லை. கையில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்ற கணக்குதான்.

வழக்கமாக 13,000 அடியில், அதாவது சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் குதிப்போம். விமானத்தை விட்ட பிறகு முதல் 1,000 அடியைக் கடக்கப் பத்து நொடி ஆகும். அதற்குள் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். காற்றின் எதிர்ப்பு உடம்பின் எடைக்குச் சமமாகிவிடுவதால், வயிறு கீழே பார்க்க விரிந்து கிடக்கும்வரை அதற்கு மேல் வேகம் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை நொடி. விழுகிற உணர்வே இருக்காது என்று சொன்னால் குதிக்காதவர்கள் நம்புவதில்லை. பக்கத்தில் கடந்துபோக மரமோ சுவரோ இல்லை. காற்று கெட்டியான மெத்தை மாதிரி உடம்பைத் தாங்குகிறது. உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்தால் உடம்பு திரும்புகிறது, காலை நீட்டினால் முன்னால் நகர்கிறது. சத்தம் மட்டும் காதை அடைக்கிறது. இந்த சுகத்தில் இருக்கிற ஒரே ஆபத்து, நேரம் போவது தெரியாமல் போவது. அதனால்தான் சில நொடிகளுக்கு ஒருமுறை மணிக்கட்டில் உள்ள, உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்க்கிற பழக்கத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

விமானத்திலும் உயரம்தான் நேரம், ஆனால் அங்கே அது தாராளமாகக் கிடைக்கும். நான் அதிகம் ஓட்டுவது செஸ்னா 172. 1956-இல் சந்தைக்கு வந்த இந்த நான்கு இருக்கை விமானம் இதுவரை 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. எஞ்சின் நின்றுபோனால் அது கல்லாக விழாது. மூக்கைச் சரியான கோணத்தில் பிடித்து மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் வைத்திருந்தால், ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் இரண்டரை கிலோமீட்டர் தூரம் சறுக்கிக்கொண்டு போகும். அதற்குள் ஒரு வயலைத் தேர்ந்தெடுக்கலாம், எரிபொருள் வால்வைப் பார்க்கலாம், 121.5 மெகாஹெர்ட்ஸில் மேடே என்று அவசர உதவி கேட்கலாம். பாராசூட்டில் ஐந்தரை நொடியில் தீர்ந்துபோகிற 1,000 அடி, இங்கே ஒன்றேகால் நிமிடம் நீடிக்கிறது. இரண்டு கணக்கும் என் தலைக்குள் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று சொல்லிக்கொடுத்ததை மற்றொன்றில் பயன்படுத்தாத நாளே இல்லை.

என் 163-ஆவது குதிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

4,000 அடியில் குட்டிக் குடையை எறிந்தேன். தோளில் வழக்கமான இழுப்பு வந்தது. தலையைத் தூக்கிப் பார்க்கப் போனால் கழுத்து நிமிரவில்லை. கயிறுகள் பின்னந்தலையை ஒட்டி முறுக்கிக்கொண்டிருந்தன. முறுக்கு விழுவது அடிக்கடி நடப்பதுதான். தோள் பட்டைகளை இரண்டு கையாலும் பிரித்துப் பிடித்துக் காலை உதைத்தால், ஊஞ்சல் கயிறு முறுக்கவிழ்வது போல உடம்பு சுற்றி அவிழ்ந்துவிடும். நானும் உதைத்தேன். ஒரு சுற்று அவிழ்ந்தது. அதற்குள் பாராசூட் ஒரு பக்கம் சாய்ந்து தானாகச் சுழலத் தொடங்கிவிட்டது. அடிவானம் செங்குத்தாக நின்றது. கால்கள் வெளிப்பக்கம் வீசப்பட்டு, ரத்தம் பாதத்துக்கு இறங்குவது தெரிந்தது. 3,100 அடி. மறுபடி உதைத்தேன். இன்னொரு பாதிச் சுற்று அவிழ்ந்த மாதிரி இருந்தது. 2,800.

அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன் என்பது தெளிவாக நினைவிருக்கிறது. இன்னும் ஒரே ஒரு உதை, அவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன். முழுமனதாக அதை நம்பினேன்.

2,500 அடியில் கையை எடுத்துவிட்டேன். அந்த எண்ணை நான் அங்கே முடிவு செய்யவில்லை. மாணவியாக இருந்த நாளில் தரையில், கூரையிலிருந்து தொங்குகிற பயிற்சி ஹார்னஸில் தொங்கிக்கொண்டு முடிவு செய்தது. 2,500 அடியில் கையில் இருப்பது எனக்குப் பிடிக்காத பாராசூட் என்றால், அதை விட்டுவிட வேண்டும். வெட்டுவது என்போம். அனுபவம் கூடிய பிறகு அந்தக் கோட்டைக் கீழே இறக்கிக்கொள்ள விதி இடம் தருகிறது. நான் இறக்கவில்லை, இனியும் இறக்க மாட்டேன். வலது பக்கப் பிடியைக் கண்ணால் பார்த்தேன், இரண்டு கையாலும் பற்றினேன், உரித்து இழுத்தேன். சுழற்சி நின்றது. ஒரு நொடி மறுபடி விழுந்தேன். இடது பக்கப் பிடி. ரிசர்வ் என்கிற மாற்றுப் பாராசூட் படாரென்று விரிந்தது. 2,000 அடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு வெள்ளைத் துணிக்குக் கீழே, யாருமே பேசாத ஒரு அமைதியில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

இதைச் சாத்தியமாக்கிய பொருளை அருகில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒவ்வொரு தோளிலும் மூன்று உலோக வளையங்கள். பெரியதுக்குள் நடுத்தரம், அதற்குள் சிறியது என்று ஒன்றின் வழியே ஒன்று மடங்கி நிற்கும். கடைசி வளையத்தைப் பிடித்திருப்பது சுண்டு விரல் பருமன்கூட இல்லாத ஒரு வெள்ளைக் கயிற்றுக் கண்ணி. அந்தக் கண்ணிக்குள் ஒரு மஞ்சள் கேபிள். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் போல வேலை செய்து சுமையைக் குறைத்துக்கொண்டே வருவதால், ஒரு முழு மனித உடம்பின் எடையும் சுழற்சியின் வேகமும் சேர்ந்து இழுத்தாலும் அந்தச் சின்னக் கண்ணிக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். மஞ்சள் கேபிளை உருவினால் கண்ணி விடும், வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரளும், பாராசூட் போய்விடும். 1970-களில் பில் பூத் இதை வடிவமைத்தார். அதற்கு முன்பு தோளுக்கு ஒன்றாக இரண்டு பூட்டுகளைத் தனித்தனியே திறக்க வேண்டியிருந்தது. நான் சுழன்ற வேகத்தில் அப்படி இரண்டையும் தேடித் திறந்திருப்பேனா என்று யோசிக்கும்போது, நேரில் பார்க்காத அந்த மனிதருக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

இதைவிடப் பெரிய நன்றி ரிசர்வை மடித்தவருக்கு. பிரதான பாராசூட்டை நாமே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வை லைசென்ஸ் பெற்ற ரிக்கர் மட்டும்தான் மடிக்கலாம். மடித்து, சிவப்பு நூல் கட்டி, ஈயத்தில் முத்திரை வைத்து, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அன்று மாலை அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எத்தனை அடியில வெட்டினம்மா?”

“2,500 அண்ணே.”

“சரி. அப்ப எல்லாம் சரி.”

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. ஏன் முறுக்கு விழுந்தது, எத்தனை முறை உதைத்தாய் என்றெல்லாம் கேட்டிருக்கலாம். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது அந்த ஒரு எண் மட்டும்தான்.

ரிசர்வுக்கும் ஒரு கடைசிக் காவல் உண்டு. யாராவது மயங்கிவிட்டால், உயரத்தை மறந்துவிட்டால், பைக்குள் இருக்கும் ஒரு சின்னக் கருவி காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் அளந்துகொண்டே இருக்கும். 1991-இல் வந்த சைப்ரஸ்தான் இந்த வகையில் பரவலாக நம்பப்பட்ட முதல் கருவி. அனுபவசாலிகளுக்கான வகை, தரையிலிருந்து சுமார் 225 மீட்டரில் இன்னும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் செயல்படும். அது எதையும் இழுப்பதில்லை. ரிசர்வ் பையை மூடி வைத்திருக்கும் கண்ணியை ஒரு சின்னக் கத்தியால் வெட்டும், அவ்வளவுதான். மீதியை ரிசர்வின் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். இதை நம்பி யாரும் குதிப்பதில்லை. ஆனால் இது இல்லாமல் நான் குதிப்பதும் இல்லை.

முன்கூட்டி முடிவெடுத்து வைப்பது என்றால் எப்போதும் எதையாவது விட்டுவிடுவது என்று அர்த்தம் இல்லை. சில நேரம் பிடித்த பிடியை விடாமல் இருக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கிய புதிதில் ஒருநாள் தனியாகப் பறந்துகொண்டிருந்தேன். ஈரமான நாள், வெளியே 15 டிகிரி, மேகத்துக்குக் கொஞ்சம் கீழே. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலைத் தொடவே இல்லை, ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் 2,350-இலிருந்து 2,250-க்கு வந்திருந்தது. கார்புரேட்டருக்குள் காற்று குறுகிய வழியில் வேகமாகப் போகும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பநிலை சட்டென்று இறங்கும். வெளியே இதமான வெப்பம் இருந்தாலும் உள்ளே பனி கட்டலாம். சூடான காற்றைத் திறக்கிற குமிழை முழுசாக இழுத்தேன். எஞ்சின் தெளிவதற்குப் பதிலாக இன்னும் மோசமானது. குலுங்கியது, இருமியது, முள் மேலும் இறங்கியது.

உருகிய பனி தண்ணீராக எஞ்சினுக்குள் போகும்போது அப்படித்தான் ஆகும் என்று வகுப்பில் படித்திருந்தேன். படித்தது எல்லாம் அந்தக் குலுக்கலில் நினைவுக்கு வருவது வேறு விஷயம். கை தானாகக் குமிழை உள்ளே தள்ளப் போனது. தள்ளாதே, தள்ளாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கண்ணால் கீழே ஒரு வயலைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்புறம் முள் மெதுவாக ஏறியது, 2,250, 2,300. எஞ்சின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே சீராக ஓடத் தொடங்கியது. என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

இந்த இரண்டு கதைகளையும் கேட்டவர்கள், வானத்தின் நடுவில்தான் ஆபத்து இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. இரண்டு உலகத்திலும் நான் மிகவும் கவனமாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். தரைக்கு மேலே கடைசித் திருப்பம்.

இதைப் புரிந்துகொள்ள, பாராசூட் இன்று குடை இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் ஆந்த்ரே ழாக் கார்னெரின் பலூனிலிருந்து அறுத்துக்கொண்டு இறங்கியது குடையில். காற்று ஓரங்களில் தாறுமாறாக வழிந்ததால் அது அவரைக் கூடையோடு ஊசலாட்டி எடுத்தது. இப்போது நாங்கள் முதுகில் சுமப்பது அந்த வழிவந்தது இல்லை. 1960-களில் டோமினா ஜால்பெர்ட் கொண்டுவந்த, காற்று புகுந்து உப்புகிற செவ்வகத் துணி அது. முன்பக்கம் திறந்த அறைகள், அவற்றில் காற்று நிறைந்ததும் மேல்பக்கம் வளைந்து, ஒரு விமான இறக்கையின் வடிவம் வந்துவிடும். அது முன்னால் பறக்கிறது, திரும்புகிறது, தரைக்கு அருகே இரண்டு பிடிகளையும் சேர்த்து இழுத்தால் மூக்கைத் தூக்கி வேகத்தைக் கரைக்கிறது. ஃப்ளேர் என்கிறோம். விமானத்தில் சக்கரம் தொடுவதற்குச் சற்று முன், யோக் என்கிற கைப்பிடியை மெல்ல இழுப்பதற்கும் அதே பெயர்தான், அதே காரணம்தான்.

இறங்குகிற பாதையும் ஒன்றுதான். காற்று போகிற திசையிலேயே ஒரு நீட்டம், அது டௌன்விண்ட். பிறகு ஒரு திருப்பம், குறுக்கே பேஸ். இன்னொரு திருப்பம், காற்றை எதிர்த்து ஃபைனல். விமானத்தில் 1,000 அடியில் டௌன்விண்ட் பறந்து, அது முடிகிற இடத்தில் இறங்கத் தொடங்குவோம். பாராசூட்டிலும் சுமார் 1,000 அடியில் தொடங்கி, 600-இல் பேஸ், 300-இல் ஃபைனல். முதன்முதலில் பாராசூட்டில் இந்தக் கட்டத்தைச் சுற்றியபோது எனக்குச் சிலிர்த்தது. தெரிந்த ஊரில் தெரியாத தெரு வழியாக நுழைந்த மாதிரி இருந்தது.

இப்போது அந்தக் கடைசித் திருப்பத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விமானத்தில் பேஸில் வரும்போது பின்னாலிருந்து காற்று கொஞ்சம் தள்ளினால், ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிடுவோம். திரும்பிச் சேர வேண்டும் என்று இன்னும் சாய்ப்போம். சாய்கிற அளவு கூடக்கூட இறக்கை சுமக்க வேண்டிய எடை கூடுகிறது. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் எடை இரண்டு மடங்கு. இறக்கை தூக்கும் பலத்தை இழக்கிற வேகம், அதாவது ஸ்டால் வேகம், 41 சதவீதம் ஏறிவிடும். தரைக்கு அருகே அவ்வளவு சாய்க்கப் பயந்தவர்கள், சாய்க்காமலே, வால் சுக்கானைத் திருப்புகிற ரடர் மிதிகளில் உள்பக்கத்து மிதியை மிதித்து மூக்கை இழுத்து வரப் பார்ப்பார்கள். அது இன்னும் மோசம். ஒரு இறக்கை மற்றதற்கு முன்னால் பலம் இழக்கும், விமானம் அந்தப் பக்கம் புரண்டு சுழலும். 3,000 அடியில் அது ஒரு பாடம், மீண்டு வரலாம். 500 அடியில் மீண்டு வர உயரம் கிடையாது.

பாராசூட்டில் அதே இடத்தில் அதே கதை. நன்றாக விரிந்த, எந்தக் கோளாறும் இல்லாத பாராசூட்டின் கீழேதான் பல மரணங்கள் நடக்கின்றன என்று கேட்டால் வெளியாட்கள் அதிர்ச்சி அடைவார்கள். ஃபைனலில் இறங்கும்போது முன்னால் ஒரு வேலி தெரியும், அல்லது காற்று மாறியது தெரியும், அல்லது இன்னொருவர் குறுக்கே வருவார். கை தானாக ஒரு பிடியை ஆழமாக இழுக்கும். பாராசூட் திரும்பும். திரும்பும்போது அது மூக்கைக் குத்திப் பாயும், உடம்பு ஊசல் குண்டு மாதிரி வெளிப்பக்கம் வீசப்படும். 80 அடியில் அந்தப் பாய்ச்சலிலிருந்து நிமிர இடமே இல்லை. எங்களோடு குதித்துக்கொண்டிருந்த ஒருவர், காற்றுக்கு எதிராகத் திரும்பிவிடலாம் என்று கடைசி நொடியில் இழுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தரையில் அடித்த சத்தம் எங்கள் பக்கம் வரை கேட்டது. தொடை எலும்பும் இடுப்பும் உடைந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். அவர் திரும்பாமல் காற்றோடு நேராக இறங்கியிருந்தால் வேகமாக வந்து உருண்டிருப்பார், முழங்கை சிராய்த்திருக்கும். அவரே இதை என்னிடம் சொன்னார்.

விமானத்துக்கும் பாராசூட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இங்கேதான். விமானத்தில் சரியில்லை என்று பட்டால் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, ஏறி, இன்னொரு சுற்று வரலாம். ஐந்தாறு நிமிடமும் கொஞ்சம் பெட்ரோலும்தான் செலவு. பாராசூட்டுக்கு எஞ்சின் இல்லை. ஒரே ஒரு முறைதான் இறங்க முடியும். பாராசூட் கற்றுக்கொண்ட பிறகு என் விமான ஓட்டம் மாறியது. டௌன்விண்டில் இருக்கும்போதே காற்று எங்கே தள்ளுகிறது, பேஸை எங்கே தொடங்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவேன், இன்னொரு சுற்று கிடையாது என்கிற மாதிரி. அப்படியும் கோட்டைத் தாண்டினால் மனவருத்தம் இல்லாமல் சுற்றிப் போய்விடுவேன். பாராசூட்டில் அது முடியாது என்பதால், தவறான திசையில், தவறான வயலில், வேகமாக இறங்குவதற்கு மனதைத் தயார் செய்துகொண்டேன். 300 அடிக்குக் கீழே பெரிய திருப்பம் கிடையாது. முன்னால் இடைஞ்சல் இருந்தால் இரண்டு பிடியையும் பாதி இழுத்து வைத்துக்கொண்டு, சாயாமல் மெல்ல நகர்த்துவேன், அவ்வளவுதான். இறங்கிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த நாட்கள் உண்டு. அவற்றை லாக்புக்கில் நல்ல குதிப்புகள் என்றே எழுதியிருக்கிறேன்.

மூன்று வருடமாகக் குதிப்பவர்களை மேலே கொண்டுபோகிற விமானத்தையும் ஓட்டுகிறேன். அதற்கு வேண்டிய லைசென்ஸும் மணிக்கணக்கும் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. செஸ்னா 182. என் இருக்கையைத் தவிர மற்ற எல்லா இருக்கைகளையும் கழற்றிவிட்டிருப்பார்கள். நான்கு பேர் தரையில் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்த மாதிரி உட்கார்ந்து வருவார்கள். 10,000 அடிக்கு ஏற இருபது நிமிடத்துக்கும் மேல் ஆகும். நானும் ஒரு அவசரப் பாராசூட் கட்டியிருப்பேன். மேலே வந்ததும் காற்றுக்கு எதிராகத் திருப்பி, எஞ்சினைக் குறைத்து, கதவைத் திறக்கச் சொல்வேன். வலது கதவு மேல்நோக்கித் திறந்து இறக்கையின் அடியில் ஒட்டிக்கொள்ளும். குளிர் முகத்தில் அறையும். ஒருவர் வெளியே போய் இறக்கைத் தாங்கியைப் பிடித்துத் தொங்கும்போது விமானம் வலப்பக்கம் இழுக்கும். இடது ரடரை மிதித்து, வேகம் குறையாமல் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் விட்ட நொடியில் விமானம் லேசாகித் துள்ளும். எனக்கும் கூடவே போகத் தோன்றும், ஒவ்வொரு முறையும்.

போன மாதம் ஒரு மாணவி. பன்னிரண்டாவது குதிப்பு, பயிற்றுநரோடு. மற்ற இருவரும் போய்விட்டார்கள். அவள் கதவருகே போய், ஒரு காலை வெளியே படியில் வைத்தாள். அப்படியே நின்றாள். நான் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளைப் பார்க்கவில்லை. பிறகு பயிற்றுநர் என் தோளில் இரண்டு முறை தட்டினார். கால் உள்ளே வந்தது. கதவு இறங்கி மூடியது.

ஆளில்லாமல் இறங்கும்போது நான் செங்குத்தாகச் சுற்றி ஏழு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுவேன். அன்று அப்படி வர முடியாது. மாணவர்களின் பாதுகாப்புக் கருவி இன்னும் குறைந்த வேகத்தில், நொடிக்கு 13 மீட்டரிலேயே செயல்படுகிற வகை. தரைக்கு அருகே நான் அவசரப்பட்டு இறங்கினால், அவள் விழுந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்து விமானத்துக்குள்ளேயே ரிசர்வைத் திறந்துவிடும். நிமிடத்துக்கு 700 அடி என்று வைத்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். அவள் எனக்குப் பக்கத்தில் தவழ்ந்து வந்து, கருவிப் பலகையில் முதுகைச் சாய்த்து, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றியிருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

“அக்கா, நான் பண்ணது தப்பா?”

“பெல்ட்டைப் போட்டுக்கோம்மா,” என்றேன். “ஏன் நின்னே?”

“காலை வெளியே வச்சதும் மனசுல ஒண்ணுமே இல்ல. என்ன செய்யணும்னு எதுவுமே ஞாபகம் வரல.”

“அப்ப உள்ளே வந்தது சரிதான்.”

கீழே நான்கு பாராசூட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு, சிவப்பும் மஞ்சளும், கட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவளைத் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். மஞ்சள் பேஸில் திரும்பியது, பிறகு ஃபைனல், பிறகு புல்லில் நின்றது. பயிற்றுநர் பின்னாலிருந்து எதுவும் பேசவில்லை.

அவர்கள் இறங்கியதை உறுதி செய்துகொண்டு நான் டௌன்விண்டில் சேர்ந்தேன். 1,000 அடி. ஓடுபாதை என் தோளுக்கு இடப்பக்கம் பின்னால் போனதும் த்ராட்டிலைக் குறைத்து, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப்பை முதல் கட்டத்துக்கு இறக்கினேன். பேஸ். காற்று கொஞ்சம் தள்ளியது, அதனால் ஃபைனல் திருப்பத்தை வழக்கத்தைவிடச் சீக்கிரமே தொடங்கினேன், 15 டிகிரிக்கு மேல் சாய்க்காமல். அவள் ஜன்னல் வழியே இறக்கை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நான் பாராசூட்ல பண்ற அதே திருப்பம்தானே அக்கா?”

“அதேதான்.”

முன்னால் ஓடுபாதை நேராக வந்து நின்றது. கடைசி ஃப்ளாப்பை இறக்கினேன்.